சேலை இருக்கிறது, ஜோடிதான் இல்லை!

"அம்மா, போட்டுக்கிட்டுப் போக ஒண்ணுமே இல்லம்மா!"

இந்த வார்த்தை கேட்காத வீடு உண்டா, சகோதரிகளே? எங்கள் வீட்டில் போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மூத்த மகள் இதைச் சொன்னாள். பி.காம். முடித்திருந்த அவளுக்கு நாமக்கல்லில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. யூனிஃபாரம் கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வர வேண்டும்.

அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டே வைத்திருந்தாள். சுடிதார் 5 செட். துணி ஒன்றுக்கு 1,100 ரூபாய், தையல் கூலி 400 ரூபாய். மொத்தம் 7,500 ரூபாய். கணக்குப் படித்த பெண்ணல்லவா, கூட்டலில் தப்பே இல்லை! ஆனால் கையில் பணம் இருக்க வேண்டுமே? சம்பளம் வரப் போவது அடுத்த மாதம். என் வீட்டுக்காரர் ஒரு லாரிப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறார். போன வருஷம் வீட்டுக்குத் தளம் போட வாங்கிய கடனில் பாதி அப்படியே நிற்கிறது.

என்ன செய்வது? எங்கள் மகளிர் குழுவில் 10,000 ரூபாய் கடன் கேட்டுப் பேர் கொடுத்து விட்டேன். துணிமணிக்காகக் கடனா என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் முதல் வேலைக்குப் போகிற பெண் நாலு பேர் நடுவில் கூனிக் குறுகி நிற்கக் கூடாதே! நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குப் பாவாடை தாவணி இரண்டே செட். ஐப்பசி மழையில் காயாத தாவணியை ஈரத்தோடு சுற்றிக் கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தக் கஷ்டம் என் பெண்ணுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார் என் அத்தை, அதாவது மாமியார். "ஏங் கண்ணு, பானையில அரிசி இருக்குதான்னு பாக்காமயே கடைக்குப் போவியா? மொதல்ல பீரோவத் தொறந்து எண்ணிப் பாரு" என்றார்.

"சரிங்க அத்தை" என்றேன். அன்று மத்தியானமே கூடத்தில் பாயை விரித்து, பீரோவைக் காலி செய்தோம்.

எண்ணிப் பார்த்தபோது

அடேயப்பா! என் சேலைகள் மட்டும் 38. பட்டு 5. அடிக்கடி எடுத்துக் கட்டுவது 8. மீதி 25 சேலையை நான் இரண்டு வருஷமாகத் தொட்டதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று சொந்தக்காரர்கள் வைத்துக் கொடுத்தவை பாதி. தீபாவளிக்கு வாங்கி இரண்டு தரம் கட்டியவை பாதி.

"ஏம்மா இதையெல்லாம் கட்டறதில்ல?" என்று மகள் கேட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் சொன்னேன், அவள் எழுதிக் கொண்டாள். ஜாக்கெட் சிறுத்துப் போனது 13. ஜாக்கெட்டே தைக்காமல் விட்டது 6. உள்பாவாடை இல்லாமலோ, ஃபால்ஸ் அடிக்காமலோ கிடப்பது 3. கறை, கிழிசல் 2. எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது 1.

கவனித்தீர்களா? 25-ல் 22 சேலைக்கு ஒரு குறையும் இல்லை. குறை ஜாக்கெட்டிலும் உள்பாவாடையிலும்தான். 800 ரூபாய்ச் சேலை 100 ரூபாய்த் துணிக்காக இரண்டு வருஷம் இருட்டில் காத்துக் கொண்டிருந்திருக்கிறது.

மகளின் கதையும் அதேதான். 14 சுடிதாரில் 5-ஐத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். மீதி 9-ல் 5-க்குப் பேன்ட் நைந்து விட்டது, 3-க்கு மேல்சட்டை பிடிக்கிறது, 1-க்குத் துப்பட்டா தொலைந்து விட்டது. ஒன்று போனால் செட்டே போயிற்று என்று ஓரம் கட்டி விட்டாள். செட்டாக வாங்கினால் செட்டாகத்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது?

மறுநாள் குழுவில் போய், "என் பேரை எடுத்திடுங்க. இந்த மாசம் வேண்டாம்" என்று சொல்லி விட்டு வந்தேன். மனசுக்குள் கொஞ்சம் பயம்தான்.

உலகமே செய்த சிக்கனம்

இருக்கிற துணியை வைத்து ஓட்டுவது கேவலம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் ராஜ்யங்களே இதைச் செய்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941 ஜூன் மாதம் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். கோட்டு, கவுன், காலுறை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். 1943-ல் அந்த அரசாங்கமே ஒரு சின்னப் புத்தகம் போட்டது. இருப்பதைக் கொண்டு சமாளியுங்கள், கிழிந்ததைத் தைத்துக் கொள்ளுங்கள் என்பதே அதன் தலைப்பு. அந்த ரேஷன் 1949-ல்தான் முடிந்தது. நம் நாட்டிலும் 1943-ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது.

வங்காளத்துப் பெண்களைப் பாருங்கள். பழைய சேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு விடுவார்கள். காந்தா என்று பேர். இன்று அந்தத் தையலுக்கு எவ்வளவு மவுசு! நம் பக்கத்திலும் பழைய சேலை தூளியாகும், தூளி கிழிந்தால் கரித்துணியாகும். இதெல்லாம் நமக்குப் புதுசில்லை. நடுவில் மறந்து விட்டோம், அவ்வளவுதான்.

மூன்று ஜாக்கெட் போதும்

மகள் வாரத்தில் இரண்டு நாள் சேலை, நாலு நாள் சுடிதார் என்று முடிவு செய்தாள். சேலை என் பீரோவிலிருந்து. ஜாக்கெட் அவள் அளவுக்கு வேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஜாக்கெட் என்று தைத்தால் கட்டுப்படியாகுமா? அதனால் மூன்றே கலர் தைத்தோம்: கறுப்பு, அரக்கு, சந்தனக் கலர்.

சேலைகளைப் பகல் வெளிச்சத்தில் வாசற்படியில் போட்டுப் பார்த்தோம். டியூப் லைட்டில் கலர் பார்க்கவே கூடாது. அரக்கு கறுப்பாகத் தெரியும், கருநீலம் பச்சையாகத் தெரியும். சேலையின் உடல் கலரைப் பார்க்காமல் கரையையும், பூவின் நடுவில் ஓடும் சின்னக் கலரையும் பாருங்கள். மஞ்சள் சேலையில் அரக்குப் புள்ளி இருந்தால் அரக்கு ஜாக்கெட் பிரமாதமாகப் பொருந்தும். எதிலும் சேராத சேலைக்குச் சந்தனக் கலர் கை கொடுக்கும். நான் தள்ளி வைத்த 25-ல் 17 சேலைக்கு இந்த மூன்றில் ஒன்று பொருந்தி விட்டது!

இன்னும் சில குறிப்புகள்:

ஜாக்கெட் துணி டூ பை டூ ரகமாக எடுங்கள். அரைக்கைக்கு 80 சென்டிமீட்டர், முழங்கை வரை வேண்டுமானால் 1 மீட்டர் தேவைப்படும். கொஞ்சம் பருத்த உடம்பானால் கூட 10 சென்டிமீட்டர் சேர்த்துக் கொள்ளுங்கள். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காய வைத்து விடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் அழுதும் பிரயோசனம் இல்லை.

தையற்காரரிடம், "பக்கத் தையலில் உள்ளே அரை அங்குலத்துக்குக் குறையாமல் துணி விடுங்க" என்று சொல்லி வையுங்கள். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் அரை அரை அங்குலம் இருந்தால், நாளைக்குப் பிரித்து 2 அங்குலம் வரை பெரிசாக்கிக் கொள்ளலாம். என்னுடைய 13 சிறுத்த ஜாக்கெட்டில் 6-க்கு இப்படி உள்ளே துணி இருந்தது. பிரித்துத் தைத்ததும் ஆறும் சரியாகி விட்டன. மீதி 7-ல் துணியே விடவில்லை. அவற்றில் நல்ல கைத்துணி இருந்ததை வெட்டி, வேறு ஜாக்கெட்டுக்கு அக்குளில் துண்டு கொடுத்தேன்.

பூப்போட்ட சேலைக்குப் பூப்போட்ட ஜாக்கெட் வேண்டாம். ஒன்று பூவானால் மற்றது ப்ளெயினாக இருக்கட்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்குப் பளபளப்பான ஜாக்கெட் ஒட்டாது. மங்கலோடு மங்கல், மினுக்கோடு மினுக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

உள்பாவாடையை மறக்காதீர்கள்

மெல்லிய வாயில் சேலைக்கு அதே கலரில் உள்பாவாடை வேண்டும். வழுக்கும் சின்தெடிக் சேலைக்குப் பருத்தி உள்பாவாடைதான் பிடிப்பு. சாட்டின் போட்டால் கொசுவம் நிற்காது. வெள்ளை அல்லது சந்தனம் ஒன்று, கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று இருந்தால் பெரும்பாலான சேலைக்குப் போதும்.

இதில் ஒரு ஆரோக்கிய விஷயமும் இருக்கிறது. நாடாவை இறுக்கி முடிந்து முடிந்து இடுப்பில் கறுப்புத் தழும்பு விழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மகாராஷ்டிரத்தில் வர்தாவிலும், பிகாரிலும் டாக்டர்கள் இரண்டு பெண்களைப் பார்த்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடத்தில் ஆறாத புண் வந்து, அது புற்றுநோயாகவே மாறியிருந்தது. 2024-ல் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். இப்படி ஆவது அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் மெல்லிய கயிறு நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தையுங்கள். ராத்திரி தளர்த்திக் கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கட்டுங்கள். ஆறாத புண் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரித்தால் பெருகும் சுடிதார்

மகளின் சுடிதார்களுக்கு ஒரே வைத்தியம், செட்டைப் பிரிப்பது. மேல்சட்டை ஒரு பக்கம், பேன்ட் ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம் என்று மூன்று குவியல் போட்டோம். கறுப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு புதுப் பேன்ட் மட்டும் வாங்கினோம். பேன்ட் நைந்து கிடந்த 5 மேல்சட்டையும் உயிர் பெற்று எழுந்தன. ஐந்து சட்டைக்கு இரண்டு பேன்ட் என்றால் 10 ஜோடி. கலர் ஒட்டாததைத் தள்ளினாலும் 7 ஜோடி தேறியது. மேல்சட்டை பிடித்த 3-ஐயும் என் தங்கை மகளுக்குக் கொடுத்தோம். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது!

துப்பட்டா தொலைந்ததற்கு? கிழிசல் என்று ஒதுக்கிய இரண்டில் ஒன்று ஆகாய நீல வாயில் சேலை. சேலையின் நீளம் சுமார் 5.5 மீட்டர். துப்பட்டாவுக்கு 2.25 முதல் 2.5 மீட்டர் போதும். கிழிந்த இடத்தை நடுவில் விட்டு வெட்டி, ஓரம் அடித்ததில் இரண்டு துப்பட்டா கிடைத்தது. சேலை அகலம் கூடுதல் என்பதால் அகலத்தில் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாகப் பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினாள். திங்கள் முதல் சனி வரை எதற்கு எது என்று எழுதியிருக்கும். ஞாயிறு சாயங்காலமே ஆறு ஜோடியையும் இஸ்திரி போட்டு அடுக்கி விடுவாள். காலையில் "அம்மா, அது எங்கே? இது எங்கே?" என்ற கூச்சல் இல்லை. எனக்கு இதுவே பெரிய லாபம்!

அம்மாவின் சுங்குடி

இப்போது நான் செய்த தப்பையும் சொல்லி விடுகிறேன்.

என் அம்மா இறந்து நாலு வருஷமாகிறது. அவளுக்கு ஒரு அரக்குக் கலர் சுங்குடிச் சேலை இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை நைனாமலை ஏறும்போது அதைத்தான் கட்டுவாள். அம்மா போன பிறகு அதை நான் கட்டவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அவள் கஞ்சி போட்டு மடித்தது மடித்தபடியே டிரங்குப் பெட்டியில் வைத்து விட்டேன். அவள் கை பட்ட மடிப்பு கலையக் கூடாது என்று நினைத்தேன்.

பீரோவை எண்ணிய அன்று மகள் அந்தப் பெட்டியையும் திறந்தாள். "இதை நான் கட்டிக்கட்டுமாம்மா?" என்றாள். மெதுவாக விரித்தேன். மடிப்பு வழியே கோடு போட்டாற்போல் சர்ரென்று பிரிந்து விட்டது. அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டை வேறு.

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பத்திரமாக வைத்ததாக நினைத்து நானே பாழாக்கி விட்டேனே! கஞ்சி போட்ட பருத்தித் துணியை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் அந்த மடிப்பில் நூல் முறிந்து விடும். கஞ்சி மாவுப் பொருள் அல்லவா, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அம்மா உயிரோடு இருந்திருந்தால், "கட்டித் துவைச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருக்குமே" என்று என்னைத் திட்டியிருப்பாள்.

மகள்தான் தேற்றினாள். "அழாதம்மா, முந்தானைப் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்று அளந்தாள். 3 மீட்டர் கெட்டியாக இருந்தது. அதில் முழங்கைக்கு வைத்து ஒரு நீளச் சட்டை தைத்தோம். சேலைக் கரையைக் கைக்கும் அடிப்பக்கத்துக்கும் கொடுத்தார் தையற்காரர். பழைய துணி என்பதால் உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கச் சொன்னேன். மீதியில் அத்தைக்குத் தலையணை உறை.

வேலைக்குப் போன முதல் நாள் அவள் அதைத்தான் போட்டுக் கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அம்மாவே பஸ் ஏறிப் போவது போல் இருந்தது.

இருப்பதைக் காப்பாற்ற

அன்றிலிருந்து துணி விஷயத்தில் சில பழக்கங்களை மாற்றிக் கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

கஞ்சி போட்ட துணியைக் கட்டுவதற்குத்தான் வைக்க வேண்டும். மாசக்கணக்கில் வைப்பதானால் கஞ்சி போக அலசி, நன்றாகக் காய வைத்து மடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி மில்லும் நிறைய. 1981-லிருந்து சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இதற்கென்று இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சிதான். 2 மேஜைக்கரண்டி ஜவ்வரிசியை ஊற வைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள். பச்சைத் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துச் சேலையை முக்கி எடுங்கள். கட்டி கட்டியாக ஒட்டாது.

புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். என் அனுபவத்தில் முழுசாக நிற்பதில்லை. முதல் மூன்று தரம் தனியாக அலசுவதே பத்திரம். வெயிலில் போடும்போது உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போடுங்கள்.

பட்டுச் சேலையைக் கட்டிய பின் வேர்வை போக நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் பை வேண்டாம். நாப்தலின் உருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது. குழந்தைகள் வாயில் போட்டுக் கொள்ளும் ஆபத்தும் இருப்பதால் நான் அதை வைப்பதே இல்லை. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

இளம் தாய்மார்களுக்கு

பிரசவத்துக்குப் பிறகு பழைய ஜாக்கெட் எதுவும் பிடிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள், அவசரப்பட்டு வெட்டிப் போடவும் வேண்டாம். ஒரு பையில் கட்டி ஒரு வருஷம் வையுங்கள். பால் கொடுக்கும் காலத்துக்கு முன்பக்கம் கொக்கி வைத்த, தளர்ந்த பருத்தி ஜாக்கெட் மூன்று நாலு இருந்தால் போதும். ஜாக்கெட்டில் கொக்கி மாட்டும் கண்ணை இரண்டு வரிசையாகத் தைத்துக் கொண்டால் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அதையே போடலாம்.

வீட்டுக்காரரின் பழைய நாலு முழ வேட்டியைக் கொதிநீரில் ஊற வைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்தால் குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கிடையாது. அதுவே பச்சை உடம்புக்கு நல்லது.

அடுப்படியில் சின்தெடிக் சேலையும் நைட்டியும் வேண்டவே வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் சின்தெடிக் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டே சமையுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் முந்தானை, துப்பட்டா இரண்டையும் முடிந்து கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகு கெடுகிறது என்று பையன்கள் கழற்றினால் விடாதீர்கள்.

நெசவாளர் வீட்டு அடுப்பு?

"எல்லாரும் இப்படிப் பழசையே கட்டினா நெய்யறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எங்களைச் சுற்றி எல்லாம் தறி ஊர்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளைச் சேலை, ராசிபுரம் பட்டு, காவேரிக்கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் லுங்கி, துண்டு என்று தறிச் சத்தம் கேட்காத திசை இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். தள்ளி வைத்த 25 சேலையில் பாதி, விலை குறைவு என்று வாங்கியதும், வைத்துக் கொடுப்பதற்கென்றே யாரோ வாங்கியதும்தான். அதற்குப் பதில் வருஷத்துக்கு ஒன்று, நல்ல கைத்தறியாக, ஜாக்கெட்டும் உள்பாவாடையும் யோசித்து வாங்கலாம். 1935-லிருந்து இருக்கிற கோ-ஆப்டெக்ஸ் மாதிரி இடங்களில் கைத்தறி கிடைக்கிறது. வைத்துக் கொடுக்கும்போதும், "என்ன கலர் வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் அந்தச் சேலை பீரோவில் தூங்காது.

வரவு செலவு

கடைசியில் எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன்.

ஜாக்கெட் துணி 3-க்கு 360 ரூபாய்.
தையல் கூலி 3-க்கு 600 ரூபாய்.
பழைய ஜாக்கெட் 6 பிரித்துத் தைக்க 240 ரூபாய்.
உள்பாவாடை 2-க்கு 360 ரூபாய்.
பேன்ட் 2-க்கு 600 ரூபாய்.
சுங்குடியில் சட்டை தைக்க, லைனிங்கோடு 400 ரூபாய்.
துப்பட்டா 2-க்கு ஓரம் அடிக்க 60 ரூபாய்.

மொத்தம் 2,620 ரூபாய். மகள் போட்ட 7,500-ல் 4,880 ரூபாய் மிச்சம். வட்டியும் இல்லை, தவணையும் இல்லை.

வேலைக்குப் போய் இரண்டாவது வாரம் கூட வேலை செய்கிற ஒருத்தர், "போன திங்கக்கிழமையும் இதேதானே போட்டுட்டு வந்தே?" என்று அவளைக் கேட்டாராம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் பயந்தது இதற்குத்தானே! "நீ என்ன சொன்னே கண்ணு?" என்றேன்.

"ஆமாங்க்கா, இது எங்க அம்மாயி சேலையில தைச்சது, அதான் வாரத்துக்கு ஒருக்கா போடறேன்னு சொன்னேன். அவங்க கையால தொட்டுப் பாத்துட்டு, எங்க தைச்சேன்னு கேட்டாங்கம்மா" என்றாள். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்த என் ஈரத் தாவணி அன்றைக்குத்தான் காய்ந்தது என்று வையுங்களேன்.

முதல் சம்பளம் வந்தது. அத்தைக்கு ஒரு டப்பா ஹார்லிக்ஸ், அப்பாவுக்கு ஒரு துண்டு. என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். சேலையாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். பாட்டில் பச்சையில் ஒன்று, மயில்கழுத்துக் கலரில் ஒன்று, ஜாக்கெட் துணியும் அதற்கேற்ற உள்பாவாடையும்!

"எல்லாரும் அம்மாவுக்குச் சேலை வாங்குவாங்க. உங்கிட்டதான் 38 இருக்கே! அதான் ஜோடி வாங்கிட்டு வந்தேன்" என்றாள். அத்தை சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயை விரித்து நீங்களும் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. கூடவே வீட்டில் ஒரு பெண் குழந்தையோ, மாமியாரோ இருந்தால் இன்னும் நல்லது. ஆசையாக எடுத்து வைத்த சேலை ஏதாவது இருந்தால் அதை முதலில் பிரியுங்கள். மடிப்பில் முறிவதற்குள் ஒரு தரமாவது கட்டி விடுங்கள்.